மேற்கோள் குறிக்குள் வீற்றிருக்கும் வள்ளல்

சாளரங்களும் பொத்தான்களும் தீட்டும் நிரலாளர் குலத்தைக் காக்க அவதரித்த பெருந்தகையே, இரட்டை மேற்கோள் குறிகளுக்கு நடுவே கொலுவீற்றிருக்கும் நிறப்பெயர் தாங்கிய எழுத்துச் சரமே, தங்கள் திருவடிகளுக்கு ஆயிரம் வணக்கங்கள்! எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தை வைத்தால் சீறிப் பாயும் கம்பைலர்கூடத் தங்கள் சந்நிதியில் வாய் பொத்தி நிற்கிறது. ‘ரெட்’ என்பதில் ஒரு ‘டி’ கூடினால் என்ன, குறைந்தால் என்ன? அதற்கு எல்லாம் சரமே. இப்படியொரு சமநோக்கு முற்றும் துறந்த முனிவர்க்கும் வாய்க்காது.

தங்கள் கருணையின் ஆழத்தைப் பைத்தானின் சாளரக் கருவியான டிகின்டரில் தரிசிக்கலாம். பிழைச் செய்தியைச் சிவப்பில் காட்டும் வரியில் அந்த உபரி ‘டி’ குடியேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சோதனையின்போது பிழையே நேரவில்லை. ஆகவே அந்த வரியும் ஓடவில்லை, நிரலாளர் நிம்மதியாக உறங்கினார். பிறகொரு நாள் வாடிக்கையாளரின் கணினியில் மெய்யாகவே பிழை நேர்கிறது. இப்படியொரு நிறத்தை அறியேன் என்று டிகின்டர் கைவிரிக்க, காட்ட வந்த செய்தி திரைக்கு வராமலே மாய்கிறது. கெட்ட சேதி கேட்டு வாடிக்கையாளர் மனம் வாடக் கூடாதென்று அதைத் தாங்களே விழுங்கிக்கொண்ட தாயுள்ளத்தை என்னென்பேன்!

கொடையிலோ தங்களுக்கு நிகரில்லை. பழைய எச்டிஎம்எல்லில் பின்னணி நிறம் கேட்கும் இடத்தில் நடிகர் சக் நாரிஸின் பெயரை எழுதினாலும் அடர்சிவப்பை அள்ளி வழங்குகிறீர்கள். கேட்டது நிறமா, ஆளா என்று ஆராய்வது கஞ்சர்களின் குணமல்லவா?

பெயர் சூட்டும் நேர்த்தியைப் பாடாமல் இருக்க முடியுமா? வலைப்பக்கங்களின் சிஎஸ்எஸ்ஸில் ‘கிரே’யின் ஒளியளவு 128, ‘டார்க்கிரே’யின் அளவோ 169. அடர்சாம்பல் வெறும் சாம்பலைவிட வெளுத்திருக்கிறது! சாளர அமைப்பான எக்ஸ்11 அரசில் ‘கிரே’ 190 ஆக இருந்ததால் அங்கே இந்த அற்புதம் நிகழவில்லை. பாவம், அந்நாட்டார் கொடுத்துவைக்கவில்லை. ஆனால் அந்நாட்டு வழக்கையே பின்பற்றிவந்த டிகே (டிகின்டரின் அடித்தளம்), 2012-இல் வந்த 8.6 பதிப்பில் ‘கிரே’, ‘கிரீன்’ உள்ளிட்ட நான்கு பெயர்களின் பொருளை வலைவழக்கத்துக்கு மாற்றியது. நிரலில் ஓர் எழுத்தையும் தொடாமல் 255 அளவில் ஒளிர்ந்த பச்சை 128-க்கு அடங்கியது. கேளாமலே வந்த புதுக்கோலம்!

பெயர் வேண்டாம், பதினறும எண்ணே போதும் என்போரையும் தாங்கள் கைவிடுவதில்லை. எட்டு இலக்கம் எழுதினால் ஆண்ட்ராய்டும் க்யூடி என்னும் சாளரக் கருவித்தொகுப்பும் ஒளிபுகாமையின் அளவை முதல் இரண்டில் படிக்கும்; சிஎஸ்எஸ் கடைசி இரண்டில் படிக்கும். ஆண்ட்ராய்டில் பாதி ஒளிபுகும் தூய சிவப்பாகத் திகழ்ந்ததைச் சிஎஸ்எஸ்ஸில் அப்படியே ஒட்டினால் முற்றிலும் மறைந்து, கண்ணுக்கே தெரியாத பரம்பொருளாகிவிடும்.

நிரல் எழுதும் அன்பர்களே, மூன்று எண்களைப் பெறும் நிற வகைகளும், பெயர் பிழைத்தால் கம்பைலரே பிடித்துக் கொடுக்கும் மாறிலிகளும் க்யூடி போன்றவற்றில் இருக்கின்றன. அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். உங்கள் பிழையை முதன்முதலாகக் கண்டுபிடிக்கும் பெருமை வாடிக்கையாளருக்கே உரியது.