பழந்தொட்டியில் புதுக்கல் இடுதல்: மூலமும் உரையும்

பழந்தொட்டி உள்ளே புதுக்கல் இடுமுன்
வாளியும் பொறுமையும் வேண்டும் என்மனார்
நண்டும் கண்ட நன்கறி புலவர்.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் உப்புநீர் மீன்தொட்டியில் ‘லைவ் ராக்’ சேர்க்குமாறு உணர்த்துதல் நுதலிற்று.

கல்லாவது, இறந்த பவளத்தின் சுண்ணாம்புக் கூடு. அதில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் மீன்கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும். ஆக்சிஜன் எட்டாத உள்துளைகளில் இருப்பவை நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றும். இக்கல்லை நம்பித் தொட்டி வைக்கும் முறையை 1961இல் எழுதி வெளியிட்டவர் இந்தோனேசியாவின் லீ சின் எங். அவருக்குப் பக்கத்தில் கடல் இருந்தது. பின்வந்த உரைகாரர் பலருக்குப் பக்கத்தில் அடிக்குறிப்பு மட்டும் இருந்தது.

பழந்தொட்டி: மீன் சாகாத தொட்டி.

பொறுமை: கொளத்தூர் மீன்கடைகளில் கிடைக்காத ஒரே சரக்கு.

வாளி: ‘வாளியும்’ என்றதனான், நேரே தொட்டியில் இடற்க என்பது பெற்றாம். என்னை? வழியில் கல்லின்மேல் இருந்த கடற்பஞ்சு முதலியன செத்து அழுகும். பழந்தொட்டியின் பாக்டீரியாவோ பழைய கழிவின் அளவுக்கே வளர்ந்தது. திடீரென ஏறும் அம்மோனியாவைத் தாங்காது. ஆகவே 1.025 அடர்த்தியுள்ள உப்புநீரில், ஹீட்டரும் வேவ்மேக்கரும் போட்டு, டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியம் காட்டும்வரை ஊறவிடுக. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் கல் இன்னும் ஆகவில்லை. (காண்க: வீட்டம்மா, ‘அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்’, பால்கனி வாய்மொழி, திருத்திய பதிப்பு.)

இனி ‘நண்டும்’. இவ்வும்மை குறித்து முச்சாரார் உளர். இசைநிறை என்பர் ஒரு சாரார். அவர் தொட்டி வைத்தவர் அல்லர். சிறப்பும்மை என்பர் மற்றொரு சாரார். எச்சவும்மை எனக் கொண்டு, கல்லின் பொந்தில் ஒளிந்து வரும் ஏனையவற்றையும் தழுவுவர் மூன்றாம் சாரார். அவற்றுள் ஒன்று எய்ப்டேசியா என்னும் பழுப்புக் கடற்சாமந்தி. கிள்ளி எறிந்தால் மிஞ்சிய துணுக்கிலிருந்தும் முளைக்கும். மறுப்பு எழுத எழுத ஆய்வுரைகள் பெருகுவதை இது ஒக்கும். மற்றொன்று மேன்டிஸ் இறால். நத்தையின் ஓட்டை அடித்தே உடைப்பது. (காண்க: கீழ்வீட்டுப் பாட்டி, ‘யாருப்பா நடுராத்திரியில ஆணி அடிக்கிறது’, மாடிப்படி வாய்மொழி, மறுப்பு: மேல்வீட்டார், ‘நாங்க இல்லை’, இருவரையும் மறுத்தது: வாட்ச்மேன், ஏட்டில் வராத பாடம்.) கூடுதல் உப்புக் கரைத்த நீரில் கல்லைச் சில நிமிடம் முக்கினால் இவற்றுள் பல ஓடி வெளியே வரும். எய்ப்டேசியா வராது. மூன்று சாராரும் பக்கம் பக்கமாக மோதிக்கொண்டிருந்த வேளையில் நண்டு ஒரு மீனைத் தின்று முடித்தது.

இவ்விடத்தில் நெறியாளருக்கு நன்றி கூறுவது மரபு. அவர் இந்தப் பக்கத்தைப் படிக்கமாட்டார் என்பதும் மரபு.

புறனடை: கல் என்றது நம் கடலில் பெயர்த்த கல்லை அன்று. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டித் தீர்த்த காலம் ஒன்று இருந்தது. பாறை கட்டும் பவளங்கள் 2001இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்துவிட்டன. அவற்றைப் பெயர்ப்பதும் விற்பதும் குற்றம். செயற்கையாக வார்த்த கல்லைக் கழுவிப் போடுங்கள். பழந்தொட்டியின் பாக்டீரியா நாளடைவில் அதிலும் குடியேறும், நண்டும் கூட வராது. ‘அசல் பவளம் சார், உள்ள வெச்சிருக்கேன்’ என்று யாராவது குரலைத் தாழ்த்தினால் அந்தக் கடையை விட்டு வெளியே வாருங்கள்.