முடிவு சரியில்லை

வீடியோ கேமில் தோற்றால் கோபப்படுகிறவரை நமக்குத் தெரியும். கண்ட்ரோலரை சோபாவில் எறிவார், தண்ணீர் குடிப்பார், திரும்ப வந்து உட்கார்ந்துகொள்வார். ஆபத்தில்லாத மனிதர். நான் சொல்ல வந்தவர் வேறு ரகம். இவர் ஜெயித்தவர். பால்வீதியையே காப்பாற்றியவர். காப்பாற்றி முடித்த நிமிஷத்திலிருந்து இன்றுவரை கோபம் ஆறாதவர்.

அடையாளம் காண்பது சுலபம். முப்பதைத் தாண்டியிருப்பார். வேலை, வீட்டுக் கடன், லேசான முதுகுவலி எல்லாம் இருக்கும். பொதுவாகச் சாது. பேச்சுவாக்கில் ‘மாஸ் எஃபெக்ட் 3’ என்று சொல்லிப் பாருங்கள். கையிலிருக்கும் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிடுவார். சொல்லப்போகும் விஷயத்துக்கு இரண்டு கையும் வேண்டும்.

“கேம் பிரமாதம். கடைசிப் பத்து நிமிஷம் மட்டும்…” என்று ஆரம்பிப்பார். அந்தப் பத்து நிமிஷத்தைச் சொல்லி முடிக்க இரண்டு மணி நேரம் ஆகும்.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: கனடாவின் எட்மண்டன் நகரத்தில் இருக்கும் பயோவேர் நிறுவனம் 2007, 2010, 2012 என்று மூன்று தவணையில் இந்தக் கதையை வெளியிட்டது. ஐம்பதாயிரம் வருஷத்துக்கு ஒரு முறை ரீப்பர்கள் என்ற ராட்சத இயந்திரங்கள் வந்து, முன்னேறிய உயிரினங்களையெல்லாம் கதிர் அறுப்பதுபோல அறுத்துக்கொண்டு போய்விடும். அவற்றைத் தடுக்க வேண்டியவர் கமாண்டர் ஷெப்பர்டு. ஆணா பெண்ணா, முகம் எப்படி, குணம் எப்படி எல்லாமே விளையாடுகிறவர் இஷ்டம். முதல் பாகத்தில் யாரைக் காப்பாற்றினீர்கள், யாரைக் கைவிட்டீர்கள் என்பது சேவ் ஃபைலில் பதிந்து இரண்டாம் பாகத்துக்குப் போகும். அங்கிருந்து மூன்றாம் பாகத்துக்கும் போகும். நம்மவர் மனம் பறிகொடுத்தது அந்த இடத்தில்தான். தான் செய்ததை ஐந்து வருஷம் மறக்காமல் வைத்திருந்த ஒரே ஜீவன் அந்த ஃபைல்தான் என்பது அவர் எண்ணம்.

அவர் ‘ஷெப்பர்டு’ என்று சொல்லமாட்டார். ‘என் ஷெப்பர்டு’ என்பார். “என் ஷெப்பர்டு அப்படிச் செய்யவே மாட்டாள்” என்று அவர் சொல்லும்போது, பெண்ணுக்கு வரன் பேசும் அப்பாவின் குரல் கேட்கும். பெண் ஷெப்பர்டுக்குக் குரல் கொடுத்த ஜெனிஃபர் ஹேலைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துச் சொல்லிவிட்டால் அன்றைக்கு அவரோடு உறவு முறிந்தது.

சொந்த மைத்துனரோடு இவருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் ஏதோ வண்டி இரவல் விவகாரம். ஆனால் சுமார் முந்நூறு வருஷப் பகை கொண்ட குவேரியன்களையும் கெத் இயந்திரங்களையும் ராஜி செய்துவைத்தவர் இவர்தான். இரண்டாம் பாகத்தில் தன் கப்பலில் ஏறிய ஒவ்வொருவர் வீட்டுப் பிரச்சினையையும் தேடிப்போய்த் தீர்த்திருக்கிறார்: ஒருவருக்கு வழிதவறிப்போன மகன், ஒருத்திக்குத் தங்கை, இன்னொருத்திக்குத் தேசத் துரோக வழக்கு. குரோகன் இனத்துக்குப் பிள்ளை தங்காத சாபத்துக்கு மருந்து கண்டார். தற்கொலைக்குச் சமம் என்று எல்லோரும் சொன்ன படையெடுப்பிலிருந்து ஒருவர் விடாமல் உயிரோடு கூட்டி வந்தார். கப்பலறையில் மீன்தொட்டி இருக்கிறது; தீனி போட மறந்தால் மீன்கள் செத்து மிதக்கும். இவருடைய மீன்கள் சாகவில்லை. வீட்டுத் துளசிச் செடியைப் பற்றிக் கேட்காதீர்கள்.

மூன்றாம் பாகத்தில் இத்தனை உபகாரத்துக்கும் பலன் வரும் காலம். நம்மூர்க் கணக்கில் சொன்னால் மொய் வரும் காலம். கப்பலில் ஒரு திரை இருக்கிறது. யார் யார் போருக்கு வருகிறார்கள், அவர்கள் மதிப்பு எத்தனை புள்ளி என்று அதில் ஏறிக்கொண்டே போகும். குரோகன் படை, கெத் கப்பல்கள், முதல் பாகத்தில் உயிர்ப்பிச்சை கொடுத்த ராக்னி ராணியின் ஆட்கள் என்று ஒவ்வொருவரும் வந்து எழுதுகிறார்கள். நம்மவர் தினமும் அந்த நோட்டை எடுத்துப் பார்த்துப் பூரிப்பார். ஒரு குறை: எழுதியதில் பாதிதான் கணக்கில் ஏறும். மீதியும் ஏற வேண்டுமானால் முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து மல்டிபிளேயர் ஆட வேண்டும். ஆடினார். இரண்டு நாள் ஆடாமல் விட்டால் கணக்கு மறுபடி இறங்கும். அதற்காகவும் ஆடினார்.

பிறகு விசேஷ நாள் வந்தது. 2012 மார்ச். லண்டன் இடிபாடுகளில் சண்டை. ரத்தம் சொட்டச் சொட்ட ஷெப்பர்டு மேலே போகிறாள். அங்கே ஒளியால் ஆன ஒரு சிறுவன் வந்து நிற்கிறான். ரீப்பர்களுக்கு எஜமான் அவன்தானாம். படைக்கப்பட்ட இயந்திரங்கள் படைத்தவர்களை எதிர்த்தே தீரும்; அதைத் தடுக்கத்தான் இந்த அறுவடை என்கிறான்.

இந்த இடத்தில் நம்மவர் கதைசொல்வதை நிறுத்திவிட்டு மேஜையைத் தட்டுவார். “நேற்றுத்தானே இரண்டு பேரையும் சேர்த்துவைத்தேன்! கெத்தும் குவேரியனும் வெளியே ஒன்றாக நின்று சண்டை போடுகிறார்கள். ஜன்னலைத் திறந்து பாரடா என்று சொல்லக்கூட ஒரு வழி வைக்கவில்லையே!”

நியாயம்தான். ஐந்து வருஷம் வாயைத் திறந்தே பாதிக் காரியத்தை ஜெயித்தவருக்கு, அந்தச் சிறுவன் முன்னால் மட்டும் எதிர்த்து வாதாடும் வாய்ப்பு இல்லை. மூன்று வழி காட்டுகிறான். சிவப்பு: ரீப்பர்களை அழி, கெத்தும் கூடவே அழியும். நீலம்: ரீப்பர்களை உன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள். பச்சை: உயிரையும் இயந்திரத்தையும் ஒன்றாகக் கல. இதில் இன்னொரு விபரீதம். மூன்று பாகத்திலும் நல்லவன் வழிக்கு நீலம், முரடன் வழிக்குச் சிவப்பு. கடைசியிலோ வில்லன் ஆசைப்பட்ட வழி நீலத்திலும், ஷெப்பர்டின் குருவுக்குச் சமமான ஆண்டர்சன் விரும்பிய வழி சிவப்பிலும் இருக்கிறது. வாழ்நாள் முழுக்க ஒரே சின்னத்தில் குத்திப் பழகியவருக்குக் கட்சிகள் சின்னம் மாற்றிக்கொண்டதைச் சொல்லாமல் விட்டதுபோல நம்மவர் விழித்துக்கொண்டு நின்றார்.

எதையோ தேர்ந்தெடுத்தார். பெரிய வெடிப்பு. எதைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் ஏறக்குறைய அதே வெடிப்பு, நிறம்தான் வேறு. கொஞ்ச நேரத்துக்கு முன்பு லண்டனில் தன் பக்கத்தில் ஓடிவந்த தோழர்கள், எப்படியோ கப்பலில் ஏறி, ஏதோ ஒரு காட்டுக் கிரகத்தில் விழுந்து இறங்கி வருகிறார்கள். பிறகு ஒரு தாத்தா பேரனுக்குக் கதை சொல்கிறார். அந்தத் தாத்தாவின் குரல், 1969இல் நிலவில் நடந்த பஸ் ஆல்ட்ரின் குரல். அதை ரசிக்கிற நிலையில் நம்மவர் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு திரையில் ஓர் அறிவிப்பு: இனி வரும் கூடுதல் பாகங்களை வாங்கி இந்தப் புகழை மேலும் வளர்க்கலாம் என்ற பொருளில். மொய் எழுதின அத்தனை பேரும் எங்கே என்று வாசலில் நின்று பார்த்தவர் கையில் அடுத்த விசேஷத்துக்குப் பத்திரிகையைக் கொடுத்தார்கள்.

அதன் பிறகுதான் நம்மவர் முழு உருவம் எடுத்தார்.

முதல் அவதாரம், உரையாசிரியர். முடிவு மோசம் என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. ஆகவே அது முடிவே இல்லை என்று நிறுவினார். ஷெப்பர்டின் மூளையை ரீப்பர்கள் மெல்ல வசப்படுத்திவிட்டன, கடைசிக் காட்சிகள் எல்லாம் அவள் மனதுக்குள் நடக்கும் மாயை. அந்த மரங்கள் கனவில் வந்த மரங்கள், அந்தக் கறுப்பு நிழல் கனவில் வந்த நிழல். ஒரு புதருக்கு மூன்று பக்க விளக்கம் எழுதினார். பரிமேலழகர் இருந்திருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டிருப்பார். படைத்தவர்கள் யோசிக்காததையெல்லாம் அவர்கள் சார்பில் இவர் யோசித்துக் கொடுத்தார். ரசிகர் ஒருவரால் படைப்பாளிக்குச் செய்ய முடிந்த அதிகபட்ச மரியாதை அது.

இரண்டாம் அவதாரம், போராளி. இவருடைய கூட்டத்தார் எட்மண்டனுக்குச் சுமார் 400 கப்கேக் அனுப்பினார்கள். சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று நிறக் கிரீம். எதைக் கடித்தாலும் ஒரே வெனிலா. உலகச் சரித்திரத்தில் இவ்வளவு துல்லியமான இலக்கிய விமரிசனத்தை யாரும் தின்பண்டமாகச் செய்ததில்லை. நிறுவனம் அதைத் தின்னாமல் ஓர் இளையோர் காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டது. நோயுற்ற குழந்தைகளுக்கு உதவும் ‘சைல்ட்ஸ் ப்ளே’ அறக்கட்டளைக்காக 80,000 டாலர் திரட்டினார்கள். நல்ல காரியம். ஆனால் எவ்வளவு சேர்ந்தால் புது முடிவு கிடைக்கும் என்று சிலர் அறக்கட்டளையையே விசாரிக்க ஆரம்பித்ததும் வசூலை நிறுத்த வேண்டியதாயிற்று. ஒருவர் அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் புகாரே கொடுத்தார். வெளியீட்டுக்கு முன்பு இயக்குநர் கேஸி ஹட்சன் ஒரு பேட்டியில், ஏ, பி, சி என்று எண்ணக்கூடிய முடிவுகளாக அவை இருக்காது என்ற கருத்தில் பேசியிருந்தார். அந்தப் பேட்டியை நம்மவர் நிலப் பத்திரம்போலப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார். எண்ணிப் பார்த்தால் சரியாக ஏ, பி, சி.

அந்த ஏப்ரலில் ‘கன்ஸ்யூமரிஸ்ட்’ நடத்திய வாக்கெடுப்பில், அமெரிக்காவின் மோசமான நிறுவனம் என்ற பட்டம் கேமை வெளியிட்ட எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸுக்குக் கிடைத்தது. இறுதிச் சுற்றில் அது தோற்கடித்தது பாங்க் ஆஃப் அமெரிக்காவை. கடன் கட்டாததால் ஜனங்கள் வீட்டையே இழந்துகொண்டிருந்த காலம் அது. பட்டத்துக்கு முடிவு மட்டும் காரணமில்லை; ஆனால் நம்மவர் ஓட்டும் அந்தப் பெட்டியில் விழுந்தது. அவருக்கும் வங்கியில் கடன் இருந்தது. அதைப் பற்றி அவருக்குப் பெரிய புகார் இல்லை. வங்கி எந்தக் காலத்திலும் ‘உங்கள் முடிவுகள் முக்கியம்’ என்று சொன்னதில்லையே.

சிரிக்கவும் தெரிந்தவர்தான். கடைசிக்குச் சற்று முன்னால் ஷெப்பர்டைச் சுடும் ஒரு சாதாரண எதிரி உண்டு. திரையில் அவன் தலைக்கு மேல் ‘மரோடர்’ என்றும் ‘ஷீல்ட்ஸ்’ என்றும் தெரியும். அவனுக்கு ‘மரோடர் ஷீல்ட்ஸ்’ என்றே நாமகரணம் செய்து தியாகியாக்கிவிட்டார்கள். அந்த முடிவை நாம் பார்க்காமல் தடுக்க உயிரைக் கொடுத்தவன் அவன் ஒருவன்தானாம்.

பயோவேரை நிறுவியவர்களில் ஒருவரான ரே முசைக்கா படிப்பால் மருத்துவர். ரசிகர்களின் வலி புரிகிறது, தெளிவு கொடுக்க முயல்கிறோம் என்று மார்ச்சிலேயே பகிரங்கக் கடிதம் எழுதினார். ஜூன் 26 அன்று நீட்டிக்கப்பட்ட முடிவு இலவசமாக வந்தது. தோழர்கள் கப்பலில் ஏறியது எப்படி, பிறகு யார் எப்படி வாழ்ந்தார்கள் என்று காட்டினார்கள். மூன்று வழியும் வேண்டாம் என்று மறுக்க நாலாவது வழியும் திறந்தார்கள். நம்மவர் முதல் வேலையாகத் துப்பாக்கியை எடுத்து அந்தச் சிறுவனைச் சுட்டார். அவன் குரல் ரீப்பரின் குரலாகி ‘அப்படியே ஆகட்டும்’ என்றது; அறுவடை நடந்து முடிந்தது. மூன்று மாதத்தில் முதல்தடவையாக அவருக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது. தன் முடிவுக்கு ஒரு பலன் கிடைத்ததல்லவா!

இவரைப் பார்த்து ‘அந்தக் காலத்தில் இப்படியா’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1893இல் ஷெர்லாக் ஹோம்ஸை அருவியில் தள்ளிய கோனன் டாயில், வாசகர் தொல்லை தாங்காமல் பத்து வருஷத்தில் அவரை மேலே தூக்கிவிட வேண்டியதாயிற்று. ‘பொன்னியின் செல்வன்’ முடிந்தபோது, அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்ட வாசகர்களுக்காகக் கல்கி தனியாக ஒரு முடிவுரையே எழுதிச் சேர்த்தார். நீட்டிக்கப்பட்ட முடிவு நமக்குப் புதிதல்ல.

ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது; நம்மவர் கட்சியில் நான் சாய்வதும் அங்கேதான். வந்தியத்தேவன் எந்தப் பக்கம் குதிரையைத் திருப்ப வேண்டும் என்று கல்கி வாராவாரம் நம்மைக் கேட்கவில்லை. கதை அவருடையது, முடிவும் அவருடையது. நாம் ஆசைப்படலாம், உரிமை கோர முடியாது. பயோவேரோ ஐந்து வருஷம் ஒவ்வொரு திருப்பத்திலும் நிறுத்தி நிறுத்தி இவரிடம் கையெழுத்து வாங்கியது. கான்ராட் வெர்னர் என்று ஒரு ரசிகன் அந்தக் கேமுக்குள்ளேயே வருவான், ஷெப்பர்டைத் துரத்தித் துரத்தி ஆட்டோகிராப் கேட்பான். முதல் பாகத்தில் அவனிடம் நல்லபடி நடந்துகொண்டவர்களையும், முகத்துக்கு நேரே துப்பாக்கி நீட்டியதாக இரண்டாம் பாகத்தில் அவன் குற்றம் சொன்னான். ஃபைலைப் படித்ததில் நேர்ந்த பிழை. மூன்றாம் பாகத்தில் அவனே வந்து, தான் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொள்கிறான். ஒரு கோமாளியிடம் சொன்ன நல்ல வார்த்தைக்குக்கூடக் கணக்கு நேர் செய்தவர்கள், கடைசிப் பக்கத்தில் மட்டும் கூட்டுத்தொகையை எழுதி மூடிவிட்டார்கள். மொய் நோட்டில் தொகை சரியாகத்தான் இருந்தது. அவர் கேட்டது தொகையை அல்ல, வந்தவர்களின் முகத்தை.

2021இல் மூன்று பாகத்தையும் மெருகேற்றி ஒன்றாக வெளியிட்டார்கள். அதில் மல்டிபிளேயர் கிடையாது. மொய் பாதியாகக் குறைவதும் கிடையாது. ‘இனிமேல் அவர்களுக்கு ஒரு பைசா கொடுக்கமாட்டேன்’ என்று சபதம் செய்திருந்த நம்மவர், முதல் நாளே வாங்கினார். சபதத்தை மீறியதாக அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆதாரம் திரட்டுவதற்காக வாங்கினாராம்.

அவரைச் சமாளிக்க வழி ஒன்றுதான். எதிர்வாதம் செய்யாதீர்கள். “சரி, நீங்களாக இருந்தால் எப்படி முடித்திருப்பீர்கள்?” என்று பணிவாகக் கேளுங்கள். முகம் மலரும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். “முதலில் ஒன்று தெளிவாக வேண்டும். முதல் பாகத்தில் விர்மயர் கிரகத்தில் ரெக்ஸை உயிரோடு விட்டீர்களா?” என்று ஆரம்பிப்பார். விட்டிருந்தால் ஒரு முடிவு, விடாவிட்டால் ஒரு முடிவு. ஆஷ்லி செத்திருந்தால் ஒன்று, கெய்டன் செத்திருந்தால் ஒன்று. ராக்னி ராணிக்குத் தனி அத்தியாயம். மீன்கள் உயிரோடு இருந்தால் கூடுதலாக ஒரு காட்சி. ராத்திரி ஒரு மணிக்கு அவர் இரண்டாம் பாகத்துக்கு வந்து சேர்ந்திருப்பார். நீங்கள் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பும்போது வாசல்வரை வந்து கோபித்துக்கொள்வார்: “இப்படிப் பாதியில் எழுந்து போகிறீர்களே! இது என்ன முடிவு?”