வென்றவனே சட்டம்

1958-இல் ஹார்வர்டு சட்ட இதழில் இரண்டு பெரிய மூளைகள் மோதின. ஒரு பக்கம் ஆக்ஸ்போர்டின் ஹார்ட். மறுபக்கம் ஹார்வர்டின் ஃபுல்லர். பூங்காவுக்குள் வண்டி வரக்கூடாது என்று விதி இருந்தால் சைக்கிள் வண்டியா? பொம்மைக் கார்? இது ஹார்ட்டின் கேள்வி. ஃபுல்லர் விடவில்லை. போர் நினைவாக ஒரு ராணுவ லாரியைப் பீடத்தில் ஏற்றி வைத்தால், அது வண்டியா என்றார். நாஜிச் சட்டம் சட்டம்தானா என்ற விவாதமும் அதில் உண்டு. வகுப்பறையில் ஓடிக்கொண்டிருப்பது என்னவோ வண்டிதான்.

அதே ஆண்டு அக்டோபர் 7. பாகிஸ்தானில் பீடத்தில் ஏறாத ராணுவ லாரிகள் கிளம்பின. அதிபர் இஸ்கந்தர் மிர்சா அரசியல் சட்டத்தை ரத்து செய்து, நாட்டைத் தளபதி அயூப் கானிடம் ஒப்படைத்தார்.

அப்போது உச்ச நீதிமன்றத்தில் தோஸோ என்ற பலூசிஸ்தான்காரரின் வழக்கு இருந்தது. கொலைக் குற்றத்துக்காக ஜிர்கா என்ற பழங்குடிப் பெரியோர் சபை விசாரித்துத் தண்டித்த ஆள். சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று சொல்லி உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்திருந்தது. தலைமை நீதிபதி முனீர், ஹான்ஸ் கெல்சனின் புத்தகத்தைப் பிரித்தார். புரட்சி வென்றால் அதுவே புதிய சட்டத்தின் பிறப்பிடம். அரசியல் சட்டமே செத்துவிட்டது, சமத்துவம் எங்கிருந்து வரும்? அக்டோபர் 27-இல் தீர்ப்பு. அன்றிரவே மிர்சாவை அயூப் துரத்தினார். தீர்ப்பு அவருக்கும் கச்சிதமாகப் பொருந்தியது.

கெல்சன் யார்? 1933-இல் நாஜிகள் வேலையைப் பறித்து விரட்டிய யூதப் பேராசிரியர். ஆட்சியைப் பறித்தவர்களுக்கு அவர் பெயரில் நற்சான்றிதழ்!

பேராசிரியர் உலகம் பதறியது. எதற்கு? முனீர் கெல்சனைச் சரியாகப் படித்தாரா என்பதற்கு. கெல்சன் சொன்னது விளக்கமா, கட்டளையா? கட்டுரை வந்தது. மறுப்பு வந்தது. மறுப்புக்கு மறுப்பு வந்தது. ராணுவம் ஆள ஆள, பேராசிரியர்களின் பிரசுரப் பட்டியல் நீண்டது.

1972-இல் அதே நீதிமன்றம் முனீர் சொன்னது தப்பு என்றது. அயூபுக்குப் பின் ஆண்ட தளபதி யாஹ்யா கான் ஆட்சியைக் கொள்ளையடித்தவர் என்றும் சொன்னது. எப்போது? அவர் நாற்காலியை விட்டு இறங்கி நான்கு மாதம் கழித்து. காலி நாற்காலியைக் கண்டால் வருகிற வீரம் அது. 1977-இல் தளபதி ஜியா ஆட்சிக்கு வந்தார். அவர் உட்கார்ந்திருக்கும்போது பேச்சு மாறியது. கெல்சன் வேண்டாம், 'அவசியம்' என்ற கோட்பாடு போதும் என்றார்கள் நீதிபதிகள். 2000-இல் இன்னொரு தளபதி முஷாரஃபுக்கும் அதே அவசியம். அரசியல் சட்டத்தைத் திருத்தும் அதிகாரம் இனாம்.

நம் சட்டக் கல்லூரிகளிலும் கெல்சன் உண்டு. அவரது அடிப்படை நெறிக் கோட்பாட்டை விளக்குக என்பார்கள். தோஸோ வழக்கை மேற்கோள் காட்டினால் மதிப்பெண் கூடும். தோஸோ என்ன கேட்டார் என்பது சிலபஸில் இல்லை.