கூண்டுக்கு ஒரு சூப்பர்வைசர்

சிப்காட்டில் பதினைந்து வருஷம் தரப் பரிசோதனையில் இருந்த மனிதர் எதையும் பார்க்க மாட்டார், சரிபார்ப்பார். காய்கறிக்காரரின் தராசு, பக்கத்து வீட்டு மாடிப்படியின் உயரம், கல்யாணப் பந்தியில் அப்பளத்தின் விட்டம், எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. ஓசூரில் இப்படிப்பட்டவர் தெருவுக்கு ஒருவராவது உண்டு. அசோக் லேலண்ட், டைட்டன், டி.வி.எஸ். போன்ற பெரிய கம்பெனிகளும், அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் நூற்றுக்கணக்கான பட்டறைகளும் சேர்ந்து வளர்த்தெடுத்த இனம் அது. 2002-இல் டி.வி.எஸ். மோட்டார் தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கிய ஊர் என்பதால், இங்கே டீக்கடை பெஞ்சிலும் ‘கைசன்’ அடிபடும்; இடைவிடாத முன்னேற்றம் என்று அர்த்தம். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்த மனிதரின் வீட்டுக்கு ஒரு பறவை குடிவந்தால்தான் சிக்கல்.

வருவது பெரும்பாலும் லவ் பேர்ட்ஸ். நம் கடைகளில் அந்தப் பெயரில் விற்பது பட்ஜி. ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலங்களில் தண்ணீர் தேடிக் கூட்டம் கூட்டமாகப் பறக்கிற சின்னக் கிளி அது. எடை 30, 40 கிராம்தான். 1840-இல் ஜான் கூல்ட் என்ற பறவையியலாளர் அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அப்படிக் கிளம்பிய வம்சம் உலகமெல்லாம் சுற்றி, பெங்களூர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் இறங்கி, ஓட்டை போட்ட அட்டைப் பெட்டிக்குள் அத்திப்பள்ளி தாண்டி, நம் சூப்பர்வைசரின் மடிக்கு வந்து சேர்கிறது.

“பச்சைக்கிளி வாங்கியிருந்தா நல்லா பேசுமே, சார்?” என்பார் வீட்டு ஓனரம்மா. இந்தக் கேள்விக்காகத்தான் சூப்பர்வைசர் காத்திருந்தார்.

“1972 வனவிலங்குச் சட்டம்மா. அதைக் கூண்டுல வெச்சா நம்மளைக் கூண்டுல ஏத்திருவாங்க.”

உண்மைதான். 2024 தேர்தல் சமயத்தில் கடலூரில் ஒரு வேட்பாளருக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்த ஜோசியக் கிளிகளையே வனத்துறை கைப்பற்றியது. அந்தக் கிளிகள் தங்களுக்கென்று ஒரு சீட்டு எடுத்துப் பார்க்கவில்லை போலும்.

கூண்டை வைப்பதில் சூப்பர்வைசரைக் குறை சொல்ல முடியாது. ஹால் நடுவில் தொங்கவிடலாம் என்ற மைத்துனரின் யோசனையை உடனே நிராகரித்தார். ஒரு பக்கமாவது சுவர் இருந்தால்தான் முதுகுக்குப் பின்னால் யாரும் வரமாட்டார்கள் என்று பறவை நம்பும். தரையில் வைத்தால் போகிறவர் வருகிறவர் எல்லாரும் தலைக்கு மேலே பருந்தாகத் தெரிவார்கள். அதனால் மனிதர் கண் உயரத்தில், சுவரோரமாக, ஜன்னல் காற்று நேரே அடிக்காத இடம். ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஓசூரின் மார்கழிக் காற்று மனிதருக்கே ஸ்வெட்டர் கேட்கும். எல்லாம் சரி. ஆனால் கூண்டின் மேல் ரசமட்டம் வைத்து, ஒரு காலுக்கு அட்டை கொடுத்து, குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்தாரே, அதற்குள் பறவை நாலு முறை கம்பியில் மோதிக்கொண்டது.

அடுத்தது தடை உத்தரவு. கொசுவத்தி கூடாது, ஊதுவத்தி கூடாது, சாம்பிராணி அறவே கூடாது. நான்ஸ்டிக் தவா அதிகம் காய்ந்தால் வருகிற புகை கண்ணுக்குத் தெரியாது. சின்னப் பறவையைச் சில நிமிஷத்தில் கொன்றுவிடும். தவா பரணுக்குப் போனது. ‘புகை தடைசெய்யப்பட்ட பகுதி’ என்று சிவப்பில் பிரின்ட் எடுத்து லேமினேட் செய்து சமையலறைக் கதவில் மாட்டினார்.

“ஏங்க, இத்தனை வருஷம் தாளிப்புல நான் இருமினப்ப இந்த போர்டு எங்க இருந்துச்சு?” என்று வீட்டம்மா கேட்டதற்கு அவருடைய பதிவேட்டில் கட்டம் இல்லை.

ஆமாம், பதிவேடு. கூண்டுக்குப் பக்கத்தில் கயிறு கட்டிய பேனாவோடு ஒரு அட்டை. காலை 6 மணி: உட்கார்ந்திருக்கிறது. 7 மணி: உட்கார்ந்திருக்கிறது. 8 மணி: உட்கார்ந்திருக்கிறது, சாப்பிடவில்லை. குறிப்பு: ஒத்துழைப்பு இல்லை. தினை வைத்தார், சாமை வைத்தார், கிருஷ்ணகிரி மாவட்டத்து மரியாதைக்கு ராகியும் வைத்தார். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை வாங்கிக் கம்பியில் கட்டினார். ஓனரம்மாவின் பேரன் பட்டர் ஃப்ரூட் துண்டு ஒன்றை நீட்டியபோது பாய்ந்து பிடுங்கினார். அது பறவைக்கு விஷம் என்பதால் பையன் அழுததைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ராத்திரி கூண்டைத் தன் பழைய யூனிஃபார்ம் சட்டையால் மூடினார். பட்ஜிக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். பத்தரை மணிக்கு, அமைதியாக இருக்கிறதா என்று சட்டையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார்.

விற்றவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லி அனுப்பியிருந்தார்: “சார், ஒரு வாரம் கண்டுக்காம விடுங்க.” அதையும் அவர் அலட்சியம் செய்யவில்லை. அட்டையில் ஏற்றினார். ‘பணி: கண்டுகொள்ளாமல் விடுதல். பொறுப்பு: நான். எவ்வளவுக்கு ஒருமுறை: மணிக்கு ஒருமுறை.’

இதற்கிடையில் பேசப் பழக்குவது வேறு. எல்லை ஊர் என்பதால் இதில் ஆள் பஞ்சமே கிடையாது. ஓனரம்மா வந்து “மாட்லாடு, மாட்லாடு” என்பார். மாடி வீட்டுக்காரர் இறங்கிவந்து “மாத்தாடு, மாத்தாடு” என்பார். சூப்பர்வைசர் செல்போனில் தன் குரலிலேயே ‘வணக்கம்’ பதிவு செய்து, இடைவிடாமல் ஓடவிடுவார். இரையாகப் பிறந்த பிராணிக்கு, இரண்டு கண்ணும் முன்பக்கம் வைத்த மூன்று பெரிய முகங்கள் கம்பிக்கு வெளியே வரிசையாக நின்று வாயைத் திறந்து மூடினால் எந்த மொழியில் பதில் வரும்? இறகை உடம்போடு ஒட்ட இறுக்கிக்கொண்டு ஒல்லியாகி நின்றது. ‘எடை குறைவு’ என்று அட்டையில் ஏறியது.

அந்த நேரத்தில்தான் கம்பெனி கருணை காட்டியது. நைட் ஷிப்ட் போட்டார்கள்.

காலையில் வந்து இட்லி தின்றுவிட்டு, ஹாலிலேயே கூண்டுக்குக் கீழே பாயை விரித்து விழுந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். அட்டையில் கட்டங்கள் காலியாகக் கிடந்தன. பறவை முதல் நாள் அந்த உருவத்தை மேலிருந்து வெகுநேரம் பார்த்தது. பெரிய உருவம்தான். ஆனால் முறைக்கவில்லை, கையை நீட்டவில்லை, டார்ச் அடிக்கவில்லை. ஒரே சீராகச் சத்தம் போட்டுக்கொண்டு கிடந்தது. இதைவிட உத்தமமான பயிற்சியை எந்தப் பறவை நிபுணரும் சொல்லித்தர முடியாது: பக்கத்தில் இரு, சும்மா இரு. அடுத்த நாள் தினைக் கிண்ணத்துக்கு இறங்கியது. பிறகு இறகு கோதியது, தலைகீழாகத் தொங்கியது, தனக்குத்தானே பேசியது. வார இறுதியில் ஒரு பிற்பகல், அரைத் தூக்கத்தில் அவர் தூக்கிக் கம்பியில் சாய்த்திருந்த விரலை அது அலகால் தொட்டுப் பார்த்தது. கையை எடுக்கச் சோம்பலாக இருந்ததால் அவர் எடுக்கவில்லை. அதைத்தான் பின்னால் ‘பொறுமை’ என்று வாட்ஸ்அப் குழுவில் படத்தோடு போட்டார்.

“நீங்க படுத்துத் தூங்கினதுதான் இந்த வீட்ல நடந்த முதல் கைசன்,” என்றார் வீட்டம்மா.

இப்போது வீட்டில் ஒரே ஒரு தகராறுதான் பாக்கி. விளக்கை அணைத்துச் சட்டையைப் போர்த்தியதும் கூண்டுக்குள்ளிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வருகிறது.

“நீங்க சொல்லிக்கொடுத்த வணக்கம் வரல. குறட்டை வந்துருச்சு.”

“குறட்டை இல்ல, அலகை அரைக்குது. நிம்மதியா இருந்தா தூங்கறதுக்கு முன்னால அப்படித்தான் அரைக்கும்.”

அவர் சொன்னதில் பிழையே இல்லை.

“அப்ப நீங்க அரைக்கிறது?” என்றார் வீட்டம்மா.