நுரையீரல் காவலைக் குழப்புவது எப்படி?

எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் வழியைக் கஷாயம் விற்பவர் முதல் வாட்ஸ்அப் பெரியப்பா வரை எல்லாரும் சொல்லியாகிவிட்டது. அதைக் குழப்பும் வழியைச் சொல்லத்தான் ஆளில்லை. விருத்தாசலம் செராமிக் பட்டறைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி: சரக்குக்கு அலைய வேண்டாம். நெய்வேலிப் பக்கத்து வெள்ளைக் களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ். அகல் விளக்கும் பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் பிறப்பது இவற்றில்தான். நமக்கு வேண்டியது குவார்ட்ஸ் மட்டும். அதாவது படிக சிலிக்கா.

யாரைக் குழப்பப் போகிறோம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தோல், குடல், நுரையீரல் என்று உடம்பின் எல்லைகளில் எல்லாம் டென்ட்ரிடிக் செல் கிளை விரித்து உட்கார்ந்திருக்கிறது. 1973-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஸ்டைன்மனும் ஸான்வில் கோனும் அதை அடையாளம் காட்டினார்கள். (2011-இல் ஸ்டைன்மனுக்கு நோபல் பரிசு அறிவித்தபோது அவர் இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அறிவித்தவர்களுக்கே அது தெரியாது.)

இது அடிதடிக்குப் போகாது; ஊர்த் தலையாரி மாதிரி. வந்தவனிடமிருந்து ஒரு துண்டைப் பிய்த்துக்கொண்டு நிணநீர்க் கணுவுக்குப் போய், அங்கே காத்திருக்கும் டி செல்லிடம் காட்டும். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது என்கிறோமே, அது இப்படியொரு கணு வீங்குவதுதான். துண்டு கிடைத்த இடத்தில் அபாயக் குறி ஏதும் இருந்ததா என்பதையும் சேர்த்தே சொல்லும். இருந்தது என்றால் டி செல் படை திரட்டும். இல்லை என்றால், ‘நம்ம ஆள்தான், விடு’ என்று அடங்கும். நம் உடம்பை நாமே தாக்காமல் பிழைத்துக் கிடப்பது பெருமளவு அந்த ‘விடு’வால்தான். ஆகவே கிருமியே இல்லாத இடத்தில் அபாயக் குறியை உண்டாக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதற்குத் தரையை உலர்ந்தபடியே பெருக்குங்கள். தண்ணீர் தெளித்தால் தூள் படிந்துவிடும், காரியம் கெடும். அரைக்கும் உருளையான பால் மில்லில் (ball mill) மூட்டையை உயரத்திலிருந்து கவிழ்த்துக் கொட்டுங்கள். காய்ந்த அகலின் பிசிறை முகத்தருகே வைத்துச் சுரண்டுங்கள். அன்றைக்கே அரைத்த குவார்ட்ஸ் இன்னும் விசேஷம்: புதிதாக உடைந்த முகங்களுக்கு வீரியம் அதிகம். கண்ணில் படும் தூசியை நம்பாதீர்கள். அது மூக்கோடு நின்றுவிடும். காற்றறை வரை போவது 5 மைக்ரானுக்கும் சிறியது. அக்கறை இருப்பதாகக் காட்ட மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்ளலாம், அந்தத் தூளுக்கு அது தடையே இல்லை.

மீதியை உடம்பே பார்த்துக்கொள்ளும். காற்றறையில் இருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற துப்புரவு செல் தூளை விழுங்கும். செரிக்க முடியாது. படிகம் உள்பையைக் கிழிக்க, அழற்சிச் சமிக்ஞைகள் கிளம்பும், செல் சாகும், தூள் வெளியே வரும், அடுத்த செல் விழுங்கும். வேலையை விட்டு வருஷக்கணக்கான பிறகும் இது நடக்கும். பக்கத்தில் டென்ட்ரிடிக் செல்லின் கையில் இப்போது செத்த சொந்த செல்லின் துண்டு. சுற்றிலும் அபாயக் குறி. கணுவுக்குப் போய் என்ன சொல்லும்? சிலிக்காத் தூளில் உழைத்தவர்களுக்கு முடக்குவாதம், லூபஸ், தோல் இறுகும் நோய் எல்லாம் கூடுதலாக வருவதற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நுரையீரலில் தழும்பு ஏறுவது சிலிக்கோசிஸ். அதைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. உண்மையான எதிரி வரும்போது காவல் தளர்ந்திருக்கும் என்பதால் காசநோய்க்கும் கொண்டாட்டம்.

மறக்காமல் இன்னொன்று: டாக்டரிடம் போனால் இருமல் என்று மட்டும் சொல்லுங்கள். பட்டறை வேலை என்று வாயைத் திறக்காதீர்கள். சொன்னால் அவர் மார்பு எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார், சிலிக்கோசிஸ் என்று சந்தேகம் வந்தால் மேலே தெரிவிக்கவும் செய்வார். சட்டப்படி அது அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் ஒன்று.

இந்த யோசனைகள் பிடிக்காதவர்கள் தரையை நனைத்துப் பெருக்கலாம், தூள் பறக்கும் இடத்தில் உறிஞ்சும் விசிறி வைக்கலாம், துண்டுக்குப் பதில் முகத்தில் சரியாகப் பொருந்தும் என்-95 வாங்கிக் கொடுக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை இலவசம். என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் அங்கே சொல்லிவிடுங்கள்.