ஒன்பதரை மணி அம்மிணி

எங்கள் சேந்தமங்கலத்தில் ஒரு காலத்தில் இரவு ஒன்பதரைக்கு யார் வீட்டுக் கதவைத் தட்டினாலும் உள்ளேயிருந்து ஒரே பதில்தான் வரும்: “பத்து மணிக்கு வாங்க.” கடன் கேட்டு வந்தவருக்கும் அதுதான், வாங்கிய கடனைத் திருப்பித் தர வந்தவருக்கும் அதுதான். வடக்கே லோடு ஏற்றிக்கொண்டு போன டிரைவர்கள் நாக்பூர் தாண்டி ஏதாவது தாபாவில் வண்டியை ஓரங்கட்டி வீட்டுக்கு போன் போடுவார்கள். மணி அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க ஆள் இருக்காது. விவரம் தெரிந்த டிரைவர் பத்தேகாலுக்குத்தான் கூப்பிடுவார். அதற்குள் சன் டிவியில் ராதிகா கண்ணைத் துடைத்து முடித்திருப்பார், வீட்டிலும் துடைத்து முடித்திருப்பார்கள்.

நான் ராதிகாவின் ரசிகன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் கணக்கு எழுதுகிறவன் நான். அங்கே வேலை பார்க்கும் ஆண்கள் எல்லோரும் சீரியலைத் திட்டுவார்கள். “பொம்பளைங்க பாக்கறப்ப காதுல விழுந்ததுங்க” என்று முன்னுரை போட்டுவிட்டு, முந்தின நாள் கதையை வசனம் பிசகாமல் சொல்வார்கள். காதில் விழுந்த கதையில் ராதிகா கட்டியிருந்த புடவையின் நிறம் வரை எப்படி வந்தது என்று நான் கேட்டதில்லை.

சினிமா நடிகைக்கு ரசிகனாக இருப்பது சுலபம். வருடத்துக்கு ஓரிரண்டு படம், ஒரு டிக்கெட், ஒரு முறுக்குப் பொட்டலம், முடிந்தது. சீரியல் நடிகைக்கு ரசிகனாக இருப்பது உத்தியோகம். தினமும் ஆஜராக வேண்டும். ஒரு நாள் விட்டால் யார் யாரைக் கடத்தினார்கள் என்று தெரியாது. ஒரு வாரம் விட்டால் கடத்தியவன் நல்லவனாக மாறி சம்பந்தியே ஆகியிருப்பான். இந்த உத்தியோகத்தில் எங்கள் வீட்டில் எனக்கு மேலதிகாரி என் அம்மாயி, அம்மாவைப் பெற்றவள்.

1999 டிசம்பரில் ‘சித்தி’ தொடங்கியது. சி. ஜே. பாஸ்கர் இயக்கம். சாரதாவாக ராதிகா, கூட சிவகுமார், எதிரே பிரபாவதியாக யுவராணி. தீனா இசையமைத்த முகப்புப் பாட்டு கேட்டாலே அடுப்படியில் இருப்பவர்கள் கையைக்கூடத் துடைக்காமல் ஓடிவருவார்கள். அம்மாயிக்கு அந்த முகம் அன்றைக்குச் சித்தி ஆனது. அதன் பிறகு அந்த அம்மாள் என்ன பெயரில் வந்தாலும் அம்மாயி சட்டை செய்யவில்லை. 2002இல் ‘அண்ணாமலை’ வந்தபோது “சித்தி வேற வூட்டுக்கு மாத்திட்டா” என்றாள். 2007இல் ‘அரசி’யில் காக்கி உடுப்போடு வந்தபோது “பாத்தியா, படிச்சு போலீஸ் ஆயிட்டா” என்று பெருமைப்பட்டாள். அந்த வயதில் யாரைப் போலீஸில் சேர்ப்பார்கள் என்று நான் கேட்டேன். “சித்திய சேத்தாம வேற யாரைச் சேத்துவாங்க?” என்று வாயை அடைத்துவிட்டாள்.

ஆக, நான் ஒரு நடிகையின் பல பாத்திரங்களைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தேன். பக்கத்துப் பாயில் உட்கார்ந்து அம்மாயி ஒரே பெண்மணியின் நீண்ட வாழ்க்கை வரலாற்றைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒரே டிவியைத்தான் பார்த்தோம்.

அவள் கணக்கில் சிக்கல் இல்லாமல் இல்லை. அடுத்தடுத்த தொடர்களில் ஒரு கட்டத்தில் சிவகுமாரைக் காணோம். “அந்த மனுசன் எங்கடா?” என்று தினமும் கேட்டாள். இது வேறு கதை, இதில் இவர்தான் கணவர் என்று சொல்லிப் பார்த்தேன். அம்மாயி வெகுநேரம் யோசித்துவிட்டு, “பாவம், அவளுக்கு யாருமே சரியா அமையல” என்றாள். அந்த ஒரு வாக்கியத்தில் ஐந்தாறு தொடர்களின் கதைச்சுருக்கம் அடங்கிவிட்டது. விமர்சகர்கள் இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா என்று பார்க்கலாம்.

‘செல்லமே’ ஓடிய காலத்தில்தான் பெரிய சோதனை. 2012ஆம் வருடத்து மின்வெட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பகலில் போனால் சகித்துக்கொள்ளலாம், சரியாக ஒன்பது நாற்பதுக்குப் போகும். ராதிகா யாரையோ அறையக் கை ஓங்கியிருப்பார், இருட்டிவிடும். சென்னையில் இருக்கும் என் அத்தைக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைப்போம். அத்தை நேர்முக வர்ணனை செய்வாள். அவளுக்கு ராதிகா மேல் என்ன கோபமோ, கைகலப்பு வந்தால் மட்டும் குரல் தணிந்துவிடும், அழுகை வந்தால் விளக்கமாகச் சொல்வாள். தெருவில் நாலு வீட்டுப் பெண்கள் எங்கள் திண்ணையில் இருட்டில் உட்கார்ந்து என் அத்தை குரலில் ‘செல்லமே’ கேட்டார்கள். வானொலி நாடகம் செத்துப்போனது என்று சொல்கிறவர்கள் அந்தத் திண்ணையைப் பார்த்ததில்லை.

பிறகு வந்தது ‘வாணி ராணி’. 2013 ஜனவரியில் தொடங்கி 2018 டிசம்பர் வரை, 1743 எபிசோட். வாணி வக்கீல், ராணி குடும்பத் தலைவி. இரட்டைப் பிறவிகள். பூமிநாதன், சாமிநாதன் என்று அண்ணன் தம்பி இருவரைக் கட்டிக்கொண்டு ஒரே குடும்பமாக இருப்பவர்கள். இரண்டும் ராதிகா. எங்கள் வீட்டில் பூகம்பம்.

“இத்தன வருசம் அந்த இன்னொருத்தி எங்க இருந்தா?” இதுதான் அம்மாயியின் முதல் கேள்வி. “பிரபாவதிகிட்ட அந்தப் பாடு பட்டப்ப கூடப் பொறந்தவ எட்டிப் பாக்கல. போலீஸ் வேலைல இருந்தப்பவும் வரல. இப்ப எல்லாம் நல்லா இருக்கறப்ப ஒட்டிக்கிட்டாளா?” ராணியிடம் சில மாதங்கள் அம்மாயி முகம் கொடுத்தே பேசவில்லை. டிவியோடுதான். பிறகு ராணி ஒருநாள் வாணிக்காக யாரையோ வெளுத்து வாங்கினாள். அன்றைக்குத்தான் “ரத்தம்னா ரத்தம்தான்” என்று ராணியைக் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டாள்.

எனக்கு என் கவலை. இரண்டு ராதிகாவும் ஒரே அறையில் நின்று பேசினால், ஒருத்தி முகம் காட்டும்போது மற்றவள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். அந்த முதுகு யாருடையது? பெயர்ப் பட்டியலில் வராத அந்தப் பெண்தான் தமிழ்த் தொலைக்காட்சியிலேயே பொறுமைசாலி என்று நினைக்கிறேன். வாணி அழுதால் ராணியின் முதுகாக நிற்க வேண்டும், ராணி கத்தினால் வாணியின் முதுகாக நிற்க வேண்டும். அவளுக்கு ஒரு விருது தரலாம். மேடையில் திரும்பி நின்று வாங்கிக்கொள்ளட்டும்.

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வாணி ராணியின் கதை ஒரே வாரத்தில் அத்தனையும் ஏறி இறங்கிவிடும். ஆனால் நடிப்பைக் குறை சொல்ல மாட்டேன். வாணி கோர்ட்டுப் படியேறும்போது முதுகெலும்பு நிமிர்ந்திருக்கும். ராணி பேச ஆரம்பித்தால் தோள் முன்னால் வரும், குரல் ஒரு படி ஏறும். ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தாலும் எது யார் என்று தெரியும். 1978இல் ‘கிழக்கே போகும் ரயில்’ படத்தில், ரயிலின் கடைசிப் பெட்டியில் காதலன் எழுதி அனுப்பும் கவிதைக்காகக் காத்து நின்ற பாஞ்சாலியும் இவர்தான். லண்டனில் படித்துவிட்டு வந்த பெண்ணை பாரதிராஜா தண்டவாள ஓரத்தில் நிறுத்தினார், நாடு நம்பியது. எம். ஆர். ராதாவின் மகள் அல்லவா, குரலை ஏற்றி இறக்கத் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. தொடரை எடுக்கும் ராடான் நிறுவனமும் அவருடையதுதான், பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனி. கதாநாயகியும் முதலாளியும் ஒருவரே. வில்லிகள் பாடு எவ்வளவு சங்கடம் என்று யோசித்துப் பாருங்கள். சம்பளம் தருபவரைத்தான் தினமும் விஷம் வைத்துக் கொல்லப் பார்க்க வேண்டும்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழய்யா ஒருவர். சங்கப் பாட்டுகளில் வரும் கொல்லிப்பாவை எங்கள் மலைக்காரி. சிரித்து மயக்கியே ஆளைத் தீர்த்துவிடுவாள் என்பார்கள். “மலைல இருந்து இறங்கி உங்க பொட்டிக்குள்ள வந்து உக்காந்துட்டா, எல்லாரும் மயங்கிக் கெடக்கறீங்க” என்று அய்யா எங்களைக் கரிப்பார். “பாவை சிரிச்சுத்தாங்கய்யா கொன்னா, இவங்க அழுதில்ல கொல்றாங்க” என்றேன். அய்யா ரசித்துச் சிரித்தார். போகிற போக்கில், “அந்த வாணி கேஸு என்னாச்சு, ஜாமீன் கெடச்சுதா?” என்றார்.

2020 ஜனவரியில் ‘சித்தி 2’. அம்மாயிக்கு அது பெண்ணைப் புகுந்த வீட்டிலிருந்து திரும்ப அழைத்து வந்த மாதிரி. இரண்டே மாதத்தில் ஊரடங்கு, படப்பிடிப்பு நின்றது. மறுபடி தொடங்கியபோது பொன்வண்ணன் இருந்த இடத்தில் நிழல்கள் ரவி. இவருக்குப் பதில் இவர் என்று நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள், “கொரோனா வந்து போனதுல மூஞ்சியே மாறிப் போச்சு பாரு, பாவம்” என்றாள். அதற்கு அடுத்த வருடம் ராதிகா அரசியலுக்காகத் தொடரைவிட்டு விலகினார். சித்தி இல்லாமல் ‘சித்தி’ ஓடியது. கடலை இல்லாத கடலை மிட்டாயை நாங்களும் சில வாரம் மென்று பார்த்தோம்.

முகம் மாறுவதைக் கேலி செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ‘தி கிரவுன்’ தொடரில் எலிசபெத் ராணிக்கே மூன்று முகம்: முதலில் கிளேர் ஃபாய், பிறகு ஒலிவியா கோல்மன், கடைசியில் இமெல்டா ஸ்டான்டன். உலகமே கைதட்டியது. நாம் செய்தால் ‘இவருக்குப் பதில் இவர்’, அவர்கள் செய்தால் கலை.

இந்த ஞானமெல்லாம் எனக்கு வந்தது லீட்ஸ் நகரத்தில் இருக்கும் என் சித்தப்பா மகளால். அவளுக்கு அங்கே ஒரு சித்தி கிடைத்துவிட்டார், பெயர் சாரா லங்காஷயர். தொண்ணூறுகளில் ‘கரனேஷன் ஸ்ட்ரீட்’ தொடரில் மதுக்கடைப் பணிப்பெண் ரக்கேலாக வந்தவர். 1960இல் தொடங்கி இன்னும் ஓடும் தொடர் அது, வாணி ராணியெல்லாம் அதற்குப் பேத்தி முறை. சாராவின் அப்பாவும் அதே தொடருக்குக் கதை எழுதியவர், எம். ஆர். ராதா வீட்டுக் கதைதான். பிறகு ‘லாஸ்ட் டேங்கோ இன் ஹாலிஃபாக்ஸ்’ தொடரில் சாரா தலைமையாசிரியை. ‘ஹேப்பி வேலி’யில் போலீஸ் சார்ஜென்ட் கேத்தரின்: செத்துப்போன மகளின் பிள்ளையை வளர்க்கிறவர், மகளைக் கெடுத்தவனைத் துரத்துகிறவர். கதையைக் கேட்டதுமே இது நம் ஒன்பதரை மணிச் சரக்கு என்று எனக்குப் புரிந்துவிட்டது.

ஆனால் அங்கே நடைமுறை வேறு. 2014இல் ஆறு எபிசோட், 2016இல் ஆறு, பிறகு ஏழு வருடம் மூச்சில்லை, 2023இல் கடைசி ஆறு. மொத்தம் 18. வருடத்துக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டால், அந்த வேகத்தில் வாணி ராணியை முடிக்க 871 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். சோழர் காலத்தில் பூஜை போட்டிருக்க வேண்டும்.

தங்கை லீவில் வந்தபோது மடிக்கணினியில் அம்மாயிக்கு அதைப் போட்டுக் காட்டினாள். அருகில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். அம்மாயி கண்ணிமைக்காமல் பார்த்தாள். பேரன் என்றதும் உச்சுக்கொட்டினாள். சாரா அடிபட்டு ரத்தத்தோடு எழுந்தபோது, “அழவே மாட்டேங்கறாளே, கல்லு மாதிரி இருக்கா” என்றாள். அது பாராட்டா புகாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஆறாவது முடிந்ததும், “நாளைக்கு எத்தன மணிக்கு?” என்றாள்.

“அவ்வளவுதான் அம்மாயி. அடுத்தது ரெண்டு வருசம் கழிச்சுத்தான் எடுத்தாங்க.”

“ஆறு நாளா?” அம்மாயிக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. “நம்மூர்ல ஒரு கண்ணாலத்துக்கே ஆறு நாளு பத்தாதே. பந்தக்கால் நடறதுக்குள்ள முடிச்சுட்டா எப்படி?”

இரண்டு சித்திகளையும் பார்த்தவன் என்ற முறையில் என் தீர்ப்பு இதுதான். சாராவுக்குக் கிடைத்த கதைகளில் ஒன்று ராதிகாவுக்குக் கிடைத்திருந்தால் நம் ஆள் எந்த விதத்திலும் இளைத்தவரில்லை. 1743 எபிசோடில் அங்கங்கே சிதறிக் கிடக்கும் நல்ல காட்சிகளைப் பொறுக்கி எடுத்தால் அருமையான ஆறு எபிசோட் தேறும். மிச்சத்தை நாம்தான் அன்பினால் பார்த்தோம்.

ஆகவே தொடர் எடுக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு போலீஸ் ஸ்டேஷன், ரிட்டயர் ஆகப்போகும் இன்ஸ்பெக்டராக ராதிகா, வளர்க்க ஒரு பேரன். இரட்டை வேடம் வேண்டாம், விஷம் வேண்டாம். ஆறு எபிசோட் போதும் என்பது என் கட்சி. அம்மாயி அறுபதுக்குக் குறைந்து ஒத்துக்கொள்ள மாட்டாள், பேசித் தீர்த்துக்கொள்ளலாம். லொகேஷன் பார்க்க வருவதானால் சேந்தமங்கலம் நாமக்கல்லிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், பஸ் வசதி உண்டு.