நாலு லைனும் ஒரு நூலும்

அரக்கோணம் ஜங்ஷனில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவனிடம் சிக்கலைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்பது என் கட்சி. ஒரு பக்கம் சென்னை, ஒரு பக்கம் ரேணிகுண்டா, ஒரு பக்கம் காட்பாடி, போதாக்குறைக்குக் காஞ்சிபுரம் வழியாகச் செங்கல்பட்டு. நாலு திசை வண்டிகளையும் ஒன்றோடொன்று உரசாமல் அனுப்பி வைத்த கை இது. இந்தப் பெருமையை வாரம் ஒருமுறையாவது வீட்டில் எடுத்து விடுவது வழக்கம். அதனால்தான், மகளின் குரோஷா பின்னலுக்கென்று மாமியார் ஊரிலிருந்து பச்சை நூல் சிட்டம் ஒன்று வந்ததும், "குடு, அஞ்சு நிமிஷத்துல கண்டு சுத்தித் தரேன்" என்று வாய் முந்திக்கொண்டது.

மாமியார் ஊர் குருவராஜப்பேட்டை. பக்கம்தான், தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த ஊர். அங்கே பிறந்தவர்களுக்குச் சிட்டத்தை விளக்க வேண்டாம். எனக்கு வேண்டியிருந்தது. 840 கஜம் நூலை வளையமாகச் சுற்றினால் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுதான் நூலின் நம்பர். நாற்பதாம் நம்பர் என்றால் பவுண்டுக்கு நாற்பது சிட்டம். கணக்குப் போட்டேன், முப்பது கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. இங்கிருந்து திருத்தணிக்குப் போய், 365 படியும் ஏறி முருகனைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாலும் நூல் மிச்சம். அரைக் கிலோகூட இல்லாத பொட்டலத்தில்!

மில்லிலேயே எல்லாவற்றையும் கோனில் சுற்றித் தொலைத்தால் என்ன என்று நானும் கேட்டவன்தான். கோனை அப்படியே சாயத் தொட்டியில் முக்கினால் மேல் நூல்தான் நிறம் பிடிக்கும். சிட்டமானால் கோலில் மாட்டிப் புரட்டிப் புரட்டி முக்கலாம். கைத்தறிக்காரர்களுக்கு அது இல்லாமல் நடக்காது. உள்நாட்டில் விற்கும் நூலில் ஒரு பங்கை மில்கள் சிட்டமாகத்தான் கட்ட வேண்டும் என்று மத்திய அரசின் உத்தரவே உண்டு. பாதியாக இருந்த அந்தப் பங்கு 2003-இல் 40 சதவீதமாகி, 2019-இல் 30 ஆகிவிட்டது. என்னைப் போல ஓர் ஆள் டில்லியில் சிட்டம் பிரிக்க உட்கார்ந்திருக்க வேண்டும்.

நான் செய்தது இதுதான். இரண்டு நாற்காலிகளை முதுகோடு முதுகாகப் போட்டேன். சிட்டத்தில் அங்கங்கே குறுக்கே சின்னக் கட்டுகள் இருந்தன. தொந்தரவு என்று பிளேடால் எல்லாவற்றையும் அறுத்தேன். பிறகு மாட்டினேன். நுனி கிடைக்கவில்லை, கிடைத்த ஓர் இழையை இழுத்தேன். அது வந்தது, கூடவே பத்து இழை வந்தது. இன்னும் கொஞ்சம் வேகமாக இழுத்தேன். சாயங்காலம் நாற்காலிகளுக்கு நடுவே ஒரு குருவிக் கூடு தொங்கியது. திருத்தணி எந்த மாநிலத்துக்கு என்ற சிக்கலையே ம.பொ.சி. முதலானோர் போராடி 1960-இல் தீர்த்துவிட்டார்கள். இது அதைவிடப் பழையது போலத் தெரிந்தது. பக்கத்து வீட்டுத் தெலுங்கம்மா எட்டிப் பார்த்து, "சிக்கா?" என்றார். தெலுங்கிலும் அது சிக்குதான். இரண்டு மொழியிலும் மானம் போனது.

மறுநாள் காலை பஸ்ஸில் அத்தை வந்து இறங்கினார். பார்த்தார்.

"அய்ய, கட்ட இன்னாத்துக்கு மாப்ள அறுத்தீங்க? நுனி ரெண்டும் அதுலதான முடிஞ்சிருக்கும்."

நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அவர் இழுக்கவே இல்லை. கூட்டை மடியில் போட்டு, விரல்களை உள்ளே விட்டு, பஞ்சைப் பிய்ப்பது போல எல்லாப் பக்கமும் மெல்ல மெல்லத் தளர்த்தினார். "சிக்குக்குக் காத்து உடணும். இஸ்தா முடிச்சாயிடும்." நான் இஸ்து முடிச்சாக்கிய இடங்களை மட்டும் வெட்டி, இரண்டு நுனியையும் உள்ளங்கையில் வைத்து ஒரு திருகு, ஒரு முடி. கண்ணாடிகூடப் போடவில்லை.

தேறியதை மாட்டிச் சுற்ற ஊரில் பரிவட்டம் இருக்கிறது. இங்கே நான் இருந்தேன். "கைய நீட்டுங்க மாப்ள." நீட்டினேன். இழை இடப்பக்கம் கழலும்போது இடக்கையைச் சாய்க்க வேண்டும், வலப்பக்கம் வந்தால் வலக்கையை. அவர் மூன்று விரலைக் கண்டோடு சேர்த்து வைத்து அவற்றின் மேலேயே சுற்றுவார். இருபது சுற்றுக்கு ஒருமுறை விரலை உருவிக் கண்டைத் திருப்புவார். அப்போதுதான் நூல் இறுகாமல் மெத்தென்று இருக்குமாம். மூக்கின் மேல் ஒரு கொசு நிதானமாக அமர்ந்தது. என்னோடு வேலை பார்த்த பையன் கல்யாணப் பத்திரிகையோடு வாசலில் வந்து நின்று, "சார், யார் மிரட்டுறாங்க?" என்றான். பத்திரிகையை என் மடியில் வைத்துவிட்டுக் காபி குடித்துப் போனான். எனக்குக் காபி ஆறியது.

கண்டு முடிந்ததும் தடவிப் பார்த்து எண்ணினார். "ஏழு முடிச்சு."

"ஏழுதானே அத்தை, பரவால்ல."

"பரவால்லதான். தறியில போயிருந்தா ஏழு எடத்துல நின்னு நின்னு போயிருக்கும், அவுட்டர்ல வண்டி நிக்கிற மாரி. ஒங்களுக்குத் தெரியாததா?"